கான்ட் படித்தால் கோடு நன்றாக வருமா?

புனேயின் ராஸ்தா பேட்டையில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று எங்களுக்கு நெருக்கம். அந்த வீட்டுப் பெண் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். அழகியல் தேர்வு நெருங்கிய நேரத்தில் என்னிடம் வந்து, "மாமா, கான்ட் படிச்சா என் கோடு நல்லா வருமா?" என்று கேட்டாள். கையில் ஜெராக்ஸ் குறிப்புகள். பௌம்கார்ட்டன், கான்ட், ஹெகல், பரதர், அபிநவகுப்தர் என்று ஆளுக்கு இரண்டு பக்கம். ஒரு படம்கூட இல்லை.

வராது என்றேன். கான்ட் அழகைப் பற்றி 1790இல் எழுதிய நூலைக் கரைத்துக் குடித்தாலும் தூரிகை பிடித்த கை தேறாது. ஆனால் அவள் கேட்டதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சுக்ரவார் பேட்டையில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன்.

கேல்கர் மராத்திக் கவிஞர். சிறு வயதிலேயே இறந்துபோன மகன் ராஜாவின் பெயரை அருங்காட்சியகத்துக்கு வைத்தார். அவர் தேடித் தேடிச் சேர்த்தவை அரசர்களின் வாள்கள் மட்டுமல்ல. விளக்கு, சீப்பு, பூட்டு, வாத்தியம், வீட்டுக் கதவு, பாக்குவெட்டி. 20,000 பொருள்களுக்கு மேல். பித்தளைப் பாக்குவெட்டிகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, கான்ட் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பொருளை அழகு என்று சொல்லும்போது அது எனக்கு வேண்டும், எனக்குப் பயன்படும் என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் கலக்கக் கூடாது என்கிறார் அவர். பூவின் அழகு எதையும் சாராதது. கட்டடத்தின் அழகு அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சார்ந்தது என்றும் பிரிக்கிறார். "அப்போ பாக்குவெட்டி ரெண்டாந்தரமா?" என்று உடனே கேட்டாள். குறிப்புத்தாளைப் படித்தபோது அவளுக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

கான்ட்டின் இந்தப் பிரிப்புக்கு எதிர்ப்பேச்சுப் பேசியவர் நம்மவர். 1877இல் கொழும்பில், சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் படித்து, இலங்கையில் கனிம ஆய்வுத் துறையை நடத்தியவர். கண்டிச் சிற்றூர்களின் கைவினைஞர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் கலைச் சிந்தனையாளர் ஆனார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. பயன் ஒரு பக்கம், அழகு ஒரு பக்கம் என்று பிரித்ததே நவீன காலத்தின் நோய் என்பது அவர் கட்சி. செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்தால் அதுவே கலை. கலைஞன் என்று தனியாக ஒரு சாதி கிடையாது. 1917 முதல் சாகும்வரை 30 ஆண்டுகள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர்தான், கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்ற கேள்வியையும் கேட்டார்.

பாக்குவெட்டி விஷயத்தில் நான் குமாரசுவாமி பக்கம். ஆனால் முழுமையாக அல்ல. அந்தப் பித்தளை இனி எந்தப் பாக்கையும் வெட்டப் போவதில்லை. அதை வளைவாக, கனமாக, ஒளியாக மட்டும் பார்க்கும்படி அந்தக் கண்ணாடிப் பெட்டி நம்மைப் பழக்கிவிடுகிறது. அப்படிப் பார்க்கிற கண்ணைப் பற்றிக் கான்ட் அளவுக்குத் துல்லியமாகச் சொன்னவர்கள் குறைவு. இருவரையும் ஒரே பொருளின் முன் நிறுத்தினால்தான் இது தெரிகிறது. குறிப்புத்தாளில் இருவரும் தனித்தனிப் பக்கங்களில் சண்டையில்லாமல் படுத்திருக்கிறார்கள்.

இந்தச் சண்டைக்கு மராத்தியில் நல்ல வரலாறு உண்டு. கவிஞர் பா. சீ. மர்டேகர் ஓவியத்துக்கும் இசைக்கும் இலக்கியத்துக்கும் பொதுவான லயவிதிகளைத் தேடினார். இசைவு, முரண், சமநிலை என்ற மூன்றில் அவற்றை அடக்கினார். அந்தச் சிந்தனைகளின் நூலுக்கு, அவர் மறைந்த 1956ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புனே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுரேந்திர பார்லிங்கே இன்னும் துணிச்சலான ஒன்றைச் சொன்னார். பரதர் ரசம் என்றது பார்வையாளனின் மனத்தில் ஊறும் இன்பத்தை அல்ல, மேடையில் உருவாகி நிற்கும் கலைப்பொருளையே என்பது அவர் வாதம். அபிநவகுப்தருக்குப் பிறகு நாம் பழகியிருக்கும் வாசிப்புக்கு இது நேர் எதிர். வல்லுநர்கள் இதை முழுதாக ஏற்கவில்லை. எனக்கோ இதைப் படித்தபோது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. நகை, அழுகை, இளிவரல் என்று தொடங்கும் எட்டும் உடம்பில் தெரிபவை. ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் களங்கள் நான்கு. உணர்ச்சியை மனத்துக்குள் தேடாமல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பிடிக்கிற இந்த அணுகுமுறை, உருவம் வரைகிற மாணவருக்கு எவ்வளவு நெருக்கமானது! அதை நாம் யாப்புக்கும் அணிக்கும் நடுவில் தமிழ் வகுப்பில் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஆனால் புனேயில் தத்துவமும் கண்ணும் உண்மையாகவே ஒன்றோடொன்று மோதிய இடம் பல்கலைக்கழகம் அல்ல, லா காலேஜ் சாலை. பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் 1960இல் திரைப்படக் கல்லூரி தொடங்கியது. 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. காப்பகத்துக்காகப் பி. கே. நாயர் படச்சுருள்களைச் சேர்த்தார். அவற்றை வைத்துச் சதீஷ் பகதூர் பாடம் நடத்தினார். 'பதேர் பாஞ்சாலி'யைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஷாட் ஷாட்டாக நிறுத்தி, இயக்குநர் இங்கே ஏன் வெட்டினார், அங்கே ஏன் வெட்டவில்லை என்று கேட்பதுதான் பாடம். முடிவுகளை முதலில் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டைப் பிறகு தேடுகிற வழக்கத்தை இது தலைகீழாக்கியது.

அந்தக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர் மணி கௌல். அவருடைய முதல் படம் 'உஸ்கி ரோட்டி'. மோகன் ராகேஷின் கதை. பஞ்சாபில் ஒரு பெண், பேருந்து ஓட்டும் கணவனுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு சாலையோரத்தில் காத்திருக்கிறாள். அவ்வளவுதான். காத்திருப்பவளைக் காட்டுவது எளிது. காத்திருக்கும் நேரத்தைக் காட்டுவது எப்படி? இது தத்துவக் கேள்வி. கௌல் இதற்கு வசனத்தில் விடை தேடவில்லை, லென்ஸில் தேடினார். அருகும் தொலைவும் சேர்ந்து தெளிவாகத் தெரியும் 28 மி.மீ. லென்ஸ் ஒன்று, முகத்தை மட்டும் பிடித்து, பின்னால் உள்ளதைக் கலங்கலாக்கும் 135 மி.மீ. லென்ஸ் இன்னொன்று. தொடக்கத்தில் ஒன்று நடப்பதற்கு, மற்றது அவள் மனத்தில் ஓடுவதற்கு என்று தோன்றும். போகப் போக அந்த எல்லை கலைகிறது. நடந்ததா, நினைத்தாளா என்று பிரிக்க முடியாத இடத்துக்கு நாமும் வந்து சேர்கிறோம்.

படத்தின் சட்டகங்களுக்கு அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்களை முன்னே வைத்துக்கொண்டதாகக் கௌல் சொல்லியிருக்கிறார். ஷெர்கில் அஜந்தாவைப் பார்த்துவிட்டுத் தெற்கே கன்னியாகுமரி வரை வந்தவர். அந்தப் பயணத்துக்குப் பின் 1937இல் வரைந்தவைதான் அவருடைய தென்னிந்திய ஓவியங்கள். தாழ்ந்த விழிகள், அசையாத உடல்கள், எதையோ சொல்லாமல் நிறுத்திக்கொண்ட கைகள். குகைச் சுவரிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கும் ஒரு நிச்சலனம் வந்து சேர்ந்திருக்கிறது. 'உஸ்கி ரோட்டி'யில் கௌலுக்கு உதவியாளராக இருந்த ஜான் ஆபிரகாம்தான் 1977இல் தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை'யை எடுத்தார். மட்டக்களப்பிலிருந்து வந்து அதே கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திராவைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கௌல் பின்னாளில் சியா மொகியுதீன் டாகரிடம் துருபத் இசை கற்றுக்கொண்டார். எல்லாக் கோடுகளையும் ஒரே புள்ளிக்கு இழுத்துச் செல்லும் ஐரோப்பியத் தூரக்காட்சி முறை, கேமராவின் லென்ஸுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பது அவர் மனத்தை அரித்த விஷயம். அதிலிருந்து வெளியேற அவர் பிடித்த வழி இசை. இந்த வழி புதிதல்ல. விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய நூலில் மன்னன் வஜ்ரன் சிலை செய்யும் கலையைக் கற்பிக்கச் சொல்லி மார்க்கண்டேயரைக் கேட்கிறான். ஓவியம் தெரியாமல் சிலை புரியாது என்கிறார் முனிவர். ஓவியத்துக்கு நடனம் வேண்டும், நடனத்துக்கு வாத்தியம் வேண்டும், வாத்தியத்துக்கு வாய்ப்பாட்டு வேண்டும் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கிறது. பழைய நூலின் அலங்காரம் என்று நான் இதைக் கடந்துபோக மாட்டேன். படம் பிடிக்கத் தெரிந்த ஒருவர் நம் காலத்தில் அந்த வழியிலேயே நடந்து காட்டியிருக்கிறார்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தத்துவ மாணவர்களும் ஓவிய மாணவர்களும் ஒரே அறையில் உட்காரும் வகுப்பு எனக்குத் தெரிந்து மிக அரிது. ஒருவருக்குப் பொருள் கிடையாது, மற்றவருக்குக் கேள்வி கிடையாது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார்கள். இரு துறைப் பேராசிரியர்களும் சேர்ந்து முதல் மாதத்து வகுப்புகளை அங்கே வைக்கட்டும். குறிப்பெடுக்கச் சொல்ல வேண்டாம். முதலில் வரையச் சொல்லுங்கள். வரைந்தபின், அர்த்தநாரீசுவரரின் இடுப்பில் இரு பாதிகளும் எந்த இடத்தில் சேர்கின்றன, அந்தச் சேர்க்கை கண்ணை ஏன் உறுத்தவில்லை என்று கேளுங்கள். கான்ட்டையும் மெய்ப்பாட்டியலையும் இரண்டாம் மாதத்தில் திறந்துகொள்ளலாம்.