திருவனந்தபுரத்துச் செங்கற் காப்பிச்சாலை

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளந்தறிய விழைவோர் அதன் அரண்மனைகளையும் கோபுரங்களையும் நோக்குதல் வழக்கம். யாமோ, பலரும் கூடியுண்ணும் இடங்களை நோக்குதலே தக்கது என்போம். ஒருவன் யாரோடு ஒக்க இருந்து உண்ண இசைகின்றான் என்பதைப் போல அவன் உள்ளத்தைத் தெளிவுறக் காட்டுவது பிறிதொன்றில்லை. இக்கருத்து, திருவனந்தபுரத்திற் காப்பி அருந்தப் புகுந்தபொழுது எமக்கு வலியுற்றது.

அந்நகரத்துத் தம்பானூரில், புகைவண்டி நிலையத்திற்கும் பேருந்து நிலையத்திற்கும் அணித்தாகச் செந்நிறக் கட்டடம் ஒன்று உருளை வடிவாய் நிற்கின்றது. அதுவே இந்தியன் காப்பி ஹவுஸ். அதனை அமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிற் பிறந்து, 1945-இல் தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றும் மிஷனின் கட்டடக் கலைஞராய் இந்தியா போந்து, பின்னர் இந்நாட்டுக் குடிமகனாகி, 2007-இல் அந்நகரத்திலேயே உயிர்நீத்த சான்றோர் அவர்.

உள்ளே புகுவார், மாடிக்கு மாடி ஏறும் படிக்கட்டினைக் காணார். தனித்தனி அறைகளையும் காணார். சாய்தளம் ஒன்றே நடுத்தண்டைச் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றது. புறச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் வரிசையாக அமைந்துள்ளன. செங்கற்களை இடைவிட்டு அடுக்கிய துளைகளின் வழியே காற்றும் ஒளியும் தாமே வருகின்றன. வெண்ணிற உடையும் விசிறிபோல் மடித்த தலைப்பாகையும் அணிந்த ஊழியர், அச்சாய்தளத்தில் ஏறியும் இறங்கியும் பரிமாறுகின்றனர்.

இவ்வமைப்பு வெறும் புதுமை விளையாட்டன்று. நம் நாட்டுக் காப்பிக் கடைகள் பலவற்றில் முன்னாளிற் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் இருந்தன. ஒடுக்கப்பட்டோர்க்கோ தனிக்குவளை, அன்றேல் நுழைவே இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, உணவுச்சாலையிற் சாதி பற்றி எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. எனினும் பிரிக்கும் சுவர் வேறு வேடம் பூண்டு வருகின்றது. அதே காப்பிக்குக் குளிரூட்டிய அறையில் ஒரு விலை, வெளியில் ஒரு விலை என்னும் வழக்கத்தை இன்று காணாதார் யார்? தம்பானூர்க் கட்டடத்திலோ அச்சுவரை எழுப்ப இடமே இல்லை. மேற்சுற்றில் இருப்பாரும் கீழ்ச்சுற்றில் இருப்பாரும் ஒரே தளத்தின் மீதே இருக்கின்றனர். நோயினால் ஊர் விலக்கியோர்க்குத் தொண்டாற்ற வந்தவர், எவரையும் விலக்காத ஓர் இடத்தை அமைத்தது பொருத்தமே.

பரிமாறுவோரின் நிலையும் இதனோடு ஒத்ததே. காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை 1950-களில் மூடத் தலைப்பட்டபோது, தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் முதலியோர் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தலாயினர். கேரளத்தில் அவற்றுள் முதலாவது 1958-இல் திருச்சூரில் தோன்றியது. ஆகவே குவளையை ஏந்தி வருபவர் கூலியாள் மட்டுமல்லர், உரிமையிற் பங்குடையவருமாவார்.

“சமத்துவம் நெஞ்சில் வேண்டுவது; செங்கல் என் செய்யும்?” எனச் சிலர் வினவக்கூடும். நெஞ்சம் திருந்தல் வேண்டும் என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் கட்டடம் மனிதர்தம் பழக்கத்தை நாள்தோறும் பயிற்றுவதன்றோ? தனியறையிற் பழகியவன் தனிமையையே தகுதியென எண்ணுவான். பிறரோடு தோளுரச அமர்ந்து பழகியவன் அவரையும் தன்னை ஒப்ப மதிக்கக் கற்பான். முதியோர்க்குச் சாய்தளம் வருத்தந்தரும் என்னும் குறை மெய்யே. ஆயினும் கீழ்ச்சுற்றிலேயே அவர்க்கு இருக்கை உண்டு.

நாளை மருத்துவமனைகளையும் பேருந்து நிலையங்களையும் கல்லூரி உணவுச்சாலைகளையும் திட்டமிடப் போகும் மாணவ அன்பர்காள்! உருளை வடிவை மட்டும் பார்த்தெழுதினாற் பயனில்லை. கண்ணாடிச் சுவர் எத்துணைப் பளபளக்கும் என்று கேளாது, இச்சுவர் யாரை யாரிடமிருந்து பிரிக்கும் என்று முதலிற் கேண்மின். அவ்வினாவை எழுப்பாது கட்டும் பொதுக்கட்டடம், பெயரளவிலேயே பொதுவாகும் என்பது எம் துணிபு.