மண்வள அட்டையில் இல்லாத கட்டம்

புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் கயத்தாறு, கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காடுகளில் விதைப்பு தொடங்கிவிடும். சோளம், கம்பு, கருங்கண்ணிப் பருத்தி ஆகியவை பயறுகளோடு கலந்து விளைந்த அந்த நிலங்களில் இன்று பெரும்பரப்பை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோழித் தீவனத் தேவையால் அதற்குச் சந்தை உண்டு. விவசாயியைக் குறைகூற இயலாது. ஆனால், இந்தப் பயிர் மாற்றத்தோடு மண்ணுக்குள் வந்து சேர்ந்த இரசாயனங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

மக்காச்சோளம் விதைத்த சில நாள்களில் தெளிக்கப்படும் முக்கியமான களைக்கொல்லி அட்ரசின். நிலத்தடி நீர் மாசைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இதற்கு அனுமதி மறுத்தது. இங்கு அனுமதி உண்டு. 2018-இல் படைப்புழு வந்த பிறகு பூச்சிக்கொல்லித் தெளிப்பும் கூடியது.

மண்ணில் இவற்றைச் சிதைப்பவை பெரும்பாலும் நுண்ணுயிர்களே. அவற்றுக்கு ஈரமும் கரிமச் சத்தும் வேண்டும். கரிசலில் இரண்டும் பற்றாக்குறை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தால் ஆண்டின் பெரும்பகுதி வறட்சிதான். மண்ணின் காரத்தன்மையிலும் அட்ரசின் மெதுவாகவே சிதையும்.

இங்குதான் உரத்தின் பங்கு வருகிறது. அட்ரசினைச் சிதைக்கும் பாக்டீரியாக்களில் பல, அதிலுள்ள தழைச்சத்துக்காகவே அதை உடைக்கின்றன. யூரியாவை அள்ளிக் கொட்டினால் அவற்றுக்கு அந்த உழைப்பு தேவைப்படுவதில்லை. களைக்கொல்லி மேலும் சில காலம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. தொழுவுரமும் ஆட்டுக்கிடையும் நுண்ணுயிர்களைப் பெருக்கிச் சிதைவுக்குத் துணைசெய்யும். எரு என்றாலே தூய்மை என்று கொள்வதும் சரியன்று. கோழி எருவோடு நோய்முறி மருந்துகளும் நகரக் குப்பை உரத்தோடு நெகிழித் துகள்களும் வந்து சேரலாம்.

இதன் சுமை அடுத்த பயிரின்மீது விழுகிறது. பயறு ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் தெளிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே அறிவுறுத்துகிறது. முதல் பயிர் கருகினால் பின்னர் விழும் மழையில் உளுந்தையோ பாசிப்பயற்றையோ விதைத்துத் தப்பிப்பது மானாவாரி விவசாயியின் பழைய காப்பீடு. களைக்கொல்லி தெளித்த நிலத்தில் அந்த வழியும் அடைபடுகிறது. பயிர்க் காப்பீட்டுக் கணக்கில் இந்த இழப்புக்கு இடமில்லை.

விலைக் கொள்கையோ எதிர்த்திசையில் இழுக்கிறது. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. 45 கிலோ மூட்டை இன்றும் ஏறத்தாழ 266 ரூபாய்தான். எருவுக்கு 2023-இல் அறிவிக்கப்பட்ட டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி, சாண எரிவாயு ஆலைகளிலிருந்து வரும் உரத்துக்கானது. கிடை போடும் கீதாரிக்கு அதில் பங்கில்லை. மலிவான பொருளை மிகையாகப் பயன்படுத்துவது அறியாமையன்று. விலை சொல்வதைக் கேட்டு நடப்பது.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டை 12 அளவுகளைத் தருகிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் போரான் வரை உண்டு. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எச்சத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வேளாண்மையில் டி.டி.டி. 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடை செய்யப்பட்டன. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. இவற்றின் எச்சம் தன் நிலத்தில் இருக்கிறதா என்பதைப் பழைய பருத்திக் காட்டை வாங்குபவரோ குத்தகைக்கு எடுப்பவரோ எந்தத் தாளைப் பார்த்தும் அறிய முடியாது.

எச்சப் பரிசோதனை செலவு மிக்கது; ஒவ்வொரு புலத்துக்கும் செய்வது நடவாது. குறுவட்டத்துக்குச் சில மாதிரிகள் என்று தொடங்கலாம். கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாசியில் அறுவடை முடிந்ததும் மண் எடுத்து, அடுத்த புரட்டாசிக்கு முன் முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால், எந்தக் காட்டில் பயறு போடலாம் என்பதை விவசாயியே தீர்மானித்துக்கொள்வார்.