கொல்லைத் தோட்டமும் மனக்குறையும்

திருவள்ளூர் ஜில்லா பொன்னேரி தாலூகாவைச் சேர்ந்த காட்டுப்பள்ளி, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே கொசஸ்தலையாற்றுக் கழிமுகம், பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டாகும். இப்பக்கத்தில் 1994ஆம் வருஷம் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும், அதன் பின்னர்க் கப்பல் கட்டும் தளமும் மற்றொரு துறைமுகமும் ஏற்பட்டன. நிலம் சுருங்கிப்போன குடியானவர் பலருக்கு இன்று எஞ்சியிருப்பது வீட்டுக் கொல்லை ஒன்றே. அக்கொல்லையையும் அவர்கள் வெறுப்புடனேயே நோக்குகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

அவர்களுடைய மனக்குறை இருவகைப்படும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே பெரும்பாலான சோர்வு விளைகிறது. முதலாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதால் வருவது. உதகமண்டலத்துக் காரட்டையும், ஓசூர்ப் பக்கத்து ரோஜாவையும் படத்தில் கண்டவர், அவற்றைக் கடற்கரை மணலில் பயிரிட்டு, அவை கருகியதும் தம் மண்ணைப் பழிக்கிறார். மண் செய்த குற்றம் யாது? காரட், பீன்ஸ், வெங்காயம் ஆகியவை உப்பைச் சிறிதும் பொறுக்காதவை. அதே கொல்லையில் கொத்தவரை, பீட்ரூட், சப்போட்டா, தென்னை ஆகியவை ஓரளவு உப்பு நீரைத் தாங்கி நிற்கும். வேலியோரத்தில் யாரும் நடாமல் முளைத்த பூவரசும் நொச்சியும் செழித்திருப்பதைக் கண்டும், அதிலிருந்து பாடம் பெறாதவர் பலர். எதைப் பயிரிடலாம் என்று வெளியூரைக் கேட்பதற்கு முன்னர்த் தம் வேலியைக் கேட்பது நன்று.

இரண்டாவது மனக்குறை உண்மையான நஷ்டத்தால் வருவது. மீஞ்சூர்ப் பிரதேசத்தில் நிலத்தடி நீரை நகரத்தின் தேவைக்கும் பாசனத்துக்குமாக அளவின்றி இறைத்ததால், 1969இல் சுமார் 3 கிலோமீட்டர் உட்புகுந்திருந்த கடல் நீர், 1987இல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. கரையில் கடல் நீர் நன்னீராகிச் சென்னைக்குச் செல்ல, அதற்கு மேற்கே நன்னீர்க் கிணறுகள் உப்பாயின என்பது விசித்திரமே. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததும், 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கழிமுகத்தில் பரவியதும் யாவரும் அறிந்தவையே. இத்தகைய குறையைக் கொல்லையில் கீரை விதைத்து மறந்துவிடுமாறு குடியானவரிடம் கூறுவது தகாது. முறையிட வருபவரை, "வீட்டுத் தோட்டம் போட்டுப் பிழைத்துக்கொள்ளும்" என்று கூறித் திருப்பி அனுப்பும் கிராம உத்தியோகஸ்தர், தம் கடமையைத் தோட்டத்தின் தலையில் சுமத்துகிறவராவார்.

ஆயினும் இவ்விரண்டாம் குறையிலும் தோட்டத்துக்கு ஓர் உபயோகம் உண்டு. தம் கொல்லையை நாள்தோறும் பார்ப்பவரே கிணறு எந்த மாதத்தில் உவர்த்தது, எந்தச் செடியின் இலை நுனி முதலில் கருகியது, எந்தக் காற்றில் சாம்பல் படிந்தது என்பவற்றை அறிவார். அவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அவருடைய மனுவுக்கு எடை உண்டாகும். "எல்லாம் பாழாயிற்று" என்னும் மனுவைவிட, மூன்று வருஷத்து நீர்ப் பரிசோதனைச் சீட்டுகள் இணைந்த மனு தாலூகா கச்சேரியில் அதிகம் பேசும்.

மணல் திட்டில் நன்னீர் இருக்கும் விதத்தை அறிந்துகொள்ளுதல் மிகவும் அவசியம். மழை நீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் ஒரு வில்லையைப் போல் மிதந்துகொண்டிருக்கிறது. ஹாலந்து தேசத்துக் கைபன் என்பவரும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் துவக்கத்திலும் தனித்தனியே கண்டறிந்தது யாதெனில், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயரம் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பதாம். ஆகவே மோட்டார் வைத்து நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருந்து உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலேறி வரக்கூடும். கடற்கரையார் மணலில் ஆழமற்ற ஊற்றுத் தோண்டிக் குடத்தால் மொண்டு வந்த பழைய வழக்கம் அறியாமையன்று என்பது இதனால் விளங்கும். கொல்லைக்கு வேண்டிய நீர் சொற்பமே; அதற்கு ஆழ்துளைக் கிணறு போடுவது வீண் செலவு மட்டுமன்று, அண்டை வீட்டாரின் ஊற்றையும் கெடுப்பதாகும்.

மணல் நீரைப் பிடித்து வைக்காது. ஏரி வண்டலைக் கலந்தால் பிடிக்கும். ஏரி, குளங்களில் வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி அளிக்கும்படி 2024இல் விதி எளிதாக்கப்பட்டது. கிராம நிர்வாக அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது பேருபகாரமாகும். சவுக்குச் சருகைச் செடியடியில் பரப்பலாம். சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி வைத்தால், நீர் கசிந்து வேரை மட்டும் நனைக்கும். சிறிது உவரான நீரும் இம்முறையில் அதிகத் தீங்கு செய்வதில்லை. விதை முளைக்கும் பருவத்தில் மட்டும் நல்ல நீரே வேண்டும். வடகிழக்குப் பருவமழை மணலின் உப்பைக் கழுவிய பிறகு, மார்கழி, தை மாதங்களில் விதைப்பதே இவ்விடத்துக்குப் பொருத்தமானது. நகரத்தில் அச்சிட்ட விதைப்பு அட்டவணைகள் இதனைக் கவனிப்பதில்லை.

யாழ்ப்பாணத்து வளவுகளை ஈண்டு நினைவுகூரலாம். சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லியதாகப் படிந்த மண், வற்றாத ஆறு என்பதே இல்லை, கிணற்று நீர் ஒன்றே கதி. அம்மக்கள் கிளுவை, பூவரசு வேலியின் தழையை வெட்டிப் புதைத்து, துலாவால் இறைத்து, தலைமுறை தலைமுறையாக மண்ணைத் தாங்களே உண்டாக்கினர். அங்கும் பிற்காலத்தில் இயந்திர இறைப்பால் கிணறுகள் கெட்டதுண்டு. அதுவும் நமக்கு ஒரு பாடமே.

துவக்கத்தில் கொல்லை முழுவதையும் கொத்த வேண்டுவதில்லை. கால் சென்ட் இடம் போதும். ஒரு முருங்கைக் கொம்பு, ஒரு பாத்தி பசலை, சமையலறை நீர் விழும் இடத்தில் இரண்டு வாழை. இவ்வளவே முதல் வருஷத்து வேலை. பெரிதாகத் துவங்கிச் சித்திரை வெயிலில் கைவிட்ட தோட்டங்களே மனக்குறையை அதிகமாக்கியவை. தமிழ்நாட்டரசு 2025 ஜூலையில் துவக்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பும் பழச்செடித் தொகுப்பும் வீடுகளுக்கென வகுக்கப்பட்டன. அத்தொகுப்பு கிடைக்கப்பெற்றவர், அதிலுள்ள எல்லாவற்றையும் ஒருங்கே விதைத்துவிடாமல், கொத்தவரையையும் கீரையையும் முதலில் பரீட்சித்துப் பார்த்து, மிளகாயை மழை நன்கு பெய்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வது உசிதம்.

பெரும்பாலான வீடுகளில் நாள்தோறும் நீர் ஊற்றுபவர் வீட்டுப் பெண்மணியே. நோட்டுப் புத்தகமும் அவர் கையிலேயே இருப்பது முறை. மண், நீர் மாதிரிகளை மழைக்கு முன் ஒரு முறையும், மழை ஓய்ந்த பின் ஒரு முறையும் எடுத்து, புட்டியின்மேல் தேதியும் கிணற்றின் ஆழமும் எழுதி, வேளாண்மைத் துறையின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் வேண்டும். கிணற்றின் மேல் நீரை மட்டும் மொண்டு அனுப்பினால் உப்பு குறைவாகவே காட்டும். சிறிது நேரம் இறைத்த பின்னர்ப் பிடித்த நீரே சரியான மாதிரியாகும்.