ஆறாவது நிமிடம்

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ இணையத்தளம் தொடங்குவது இப்போது பெரிய காரியமில்லை. அதற்கான மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸை நிறுவ ஐந்து நிமிடம் போதும். ஆறாவது நிமிடத்தில்தான் பலர் கைவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

‘ஹலோ வேர்ல்ட்’ என்ற மாதிரிப் பதிவு முகப்பில் அப்படியே கிடக்கும். பயனர்பெயரையும் ‘அட்மின்’ என்றே வைத்திருப்பார்கள். 2013 ஏப்ரலில் உலகெங்கும் வேர்ட்பிரஸ் தளங்களைத் தாக்கியவர்கள் குறிவைத்தது அந்தப் பெயரைத்தான். நேரவலயத்தைக் கொழும்புக்கு மாற்றாவிட்டால், காலை 5 மணிக்கு இடும் மரண அறிவித்தலில் முந்தைய நாள் திகதி விழும்.

தமிழில் எழுதுவோரின் தொல்லை பதிவின் இணைய முகவரியில் இருக்கிறது. தலைப்பையே முகவரியாக்கினால், நகலெடுத்து ஒட்டும்போது ‘ஹட்டன்’ என்ற ஒரு சொல் மட்டும் 54 எழுத்துக்குறிகளாக நீளும். 200ஐத் தாண்டினால் வேர்ட்பிரஸ் வெட்டிவிடும். முகவரி பாதியில் அறுந்து நிற்கும். முதல் பதிவுக்கு முன்பே, சின்னதாக ரோமன் எழுத்து முகவரி வைப்பதே புத்தி. தமிழ்ப்பற்றாளர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

மலையகத்தில் இன்னொன்றும் உண்டு. தளத்தை அமைத்த பையன் கொழும்புக்கு வேலைக்குப் போனால் கடவுச்சொல்லும் அவனோடு பஸ் ஏறிவிடும். ஆகவே பாடசாலைகளும் சங்கங்களும் முதல் நாளே இரண்டாவது நிர்வாகிக் கணக்கைத் திறந்து, ஒரு காப்புப்பிரதியும் எடுத்துவைக்க வேண்டும்.