காவிரிக் கலவரமும் செய்தித் தொலைக்காட்சிகளும்: 2016 எழுப்பிய கேள்வி

பெங்களூரு: காவிரி நீர்ப் பங்கீடு தொடர்பாக உத்தரவு வெளியாகும் போதெல்லாம் பெங்களூருவில் பாதுகாப்பு பலப்படுத்தப்படுகிறது. ஆனால், 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி கலவரத்தில் செய்தித் தொலைக்காட்சிகளின் பங்கு குறித்த கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

அன்று, தமிழகத்துக்கு விநாடிக்கு 15,000 கன அடி நீர் திறக்க வேண்டும் என்ற முந்தைய உத்தரவை உச்சநீதிமன்றம் 12,000 கன அடியாகக் குறைத்து, செப்டம்பர் 20 வரை நீட்டித்தது. அளவு குறைந்தது, காலம் நீண்டது. பொறுமையாக விளக்கப்பட வேண்டிய இந்தத் தகவலைத் தாக்குதல் காட்சிகள் பின்னுக்குத் தள்ளின.

ராமேசுவரத்தில் கர்நாடக ஓட்டுநர் அறையப்பட்ட காட்சி கன்னடத் தொலைக்காட்சிகளில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பானது. பெங்களூருவில் தமிழ் மாணவர் தாக்கப்பட்ட காட்சி தமிழ்த் தொலைக்காட்சிகளில் ஓடியது. மாலைக்குள் பெங்களூருவில் தமிழகத்தைச் சேர்ந்த நிறுவனத்தின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. போலீஸார் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது.

பொய்யில்லை, பாதி உண்மை

அந்தக் காட்சிகள் பொய்யானவை அல்ல என்பதே இதில் கவனிக்கத்தக்கது. நேரமும் இடமும் குறிப்பிடாமல் ஒரே காட்சி திரும்பத் திரும்பக் காட்டப்படும்போது, ஒரு தாக்குதல் பல தாக்குதல்களாகத் தோன்றுகிறது. ஒரு மொழிச் செய்தியை மட்டும் பார்ப்பவருக்குத் தம்மவர் பட்ட அடி மட்டுமே தெரிகிறது.

ஊடகங்களை மட்டுமே குறை கூறவும் இயலாது. நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியான 1991 டிசம்பரிலும் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். அப்போது 24 மணி நேரத் தனியார் செய்தித் தொலைக்காட்சிகள் இல்லை. பகை முன்பே இருந்தது. அதற்கு வேகம் கூட்டியது திரை.

வன்முறையைத் தூண்டும் நிகழ்ச்சிகளுக்குக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் தடை விதிக்கின்றன. ஆனால், நேரலை முடிந்த பின்னரே நடவடிக்கை தொடங்குகிறது. ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு விதிக்கும் அதிகபட்ச அபராதமான ரூ.1 லட்சம் போதுமானதல்ல என்று உச்சநீதிமன்றமே 2023 ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது.

காட்சி எப்போது, எங்கே பதிவானது எனத் திரையில் குறிப்பிடுவதற்கும், எதிர்த்தரப்புப் பாதிப்பையும் அதே செய்தியில் சேர்ப்பதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அது நடக்காதவரை, அடுத்த உத்தரவின்போதும் முதலில் அஞ்சுபவர்கள் ஒசூர் எல்லையைத் தினமும் கடக்கும் இரு மாநில ஓட்டுநர்களாகவே இருப்பர்.