செல்போன் இருக்க வாட்ச் எதற்கு?

"அதான் செல்போன் இருக்கே, வாட்ச் எதுக்கு?" என்று நம் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். வாட்ச் வேண்டும் என்பதே என் கருத்து.

செல்போனைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது. பொதுத்தேர்வு அறைக்குள்ளும் விடமாட்டார்கள். மூன்று மணி நேரத்தைக் கேள்விகளுக்குப் பங்கிட்டு எழுத, கையில் முள் வாட்ச் இருந்தால் ஒரு பார்வை போதும். (நீட் தேர்வுக்கு மட்டும் எந்த வாட்சும் கூடாது.) வீட்டில் மணி பார்க்கச் செல்போனை எடுத்தாலோ, மெசேஜ், வீடியோ என்று அரை மணி போயிரும். மணியை மட்டும் பார்த்திருக்க மாட்டோம்!

எதை வாங்கலாம்? தாத்தா காலத்து எச்.எம்.டி. தயாரிப்பை மூட 2016-ல் அரசே முடிவெடுத்துவிட்டது. ஸ்மார்ட் வாட்சும் செல்போனுக்குத் தம்பிதான், தேர்வுக்கு ஆகாது. சாதாரண பேட்டரி வாட்ச் போதும்.

நம்ம ஊர்க்காரங்க ஒன்றைக் கவனிக்கணும். பின்மூடியில் '30 மீட்டர்' என்று இருந்தால், அதைக் கட்டிக்கொண்டு முக்குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. மழைத்தூறலும் கை கழுவும் தண்ணீரும் தாங்கும், அவ்வளவுதான். ஆற்றிலும் கடலிலும் குளிக்கிறவர்கள் '100 மீட்டர்' பார்த்து வாங்குங்கள். தோல் வார் உப்புத்தண்ணியில் இத்துப்போகும். ரப்பர் வார் நல்லது. கடல்தண்ணி பட்டால் நல்ல தண்ணியில் அலசித் துடையுங்கள்.

அப்பா அலையோடு மல்லுக்கட்டிக் கொண்டுவரும் காசு இது. மினுக்குகிற வாட்சைக் கேட்காதீர்கள், உழைக்கிற வாட்சைக் கேளுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவன்