வீடு குடுத்தாச்சு... பொழப்பு?

"அதான் அடுக்குமாடி வீடு குடுத்தாச்சே, இன்னும் என்ன வேணுமாம்?" பெரும்பாக்கம் பத்திப் பேசினாலே இந்தக் கேள்வி வரும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம் தோழர்களே.

சென்ட்ரல் பக்கம் கூவம் கரையில இருந்த ஒரு அக்காவை நினைச்சுப் பாருங்க. நடந்தே போய் நாலு வீட்டுல வேலை செஞ்சுட்டு, பிள்ளை ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வீடு திரும்பிடுவாங்க. இப்போ பெரும்பாக்கத்துல இருந்து 20 கிலோமீட்டருக்கு மேல போகணும். சாதாரணப் பேருந்துல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல திட்டம். ஆனா பஸ்ஸுலயே போற நேரத்தை யார் திருப்பித் தர்றது? நாலு வீடு ரெண்டு வீடாகும். வருமானம் பாதியாகும்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே, நகரத்துக்குள்ளேயே மாடி வீடுகள் எழுந்தன. 2000-க்குப் பிறகு பாதை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என ஏழைகளை மொத்தமாக ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குவித்தார்கள். 2019 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகரில் வீடுகளை இடித்தபோது பொதுத்தேர்வுக்கு சில மாதங்களே இருந்தன. அந்தப் பிள்ளைகள் எங்க உட்கார்ந்து படிச்சிருப்பாங்க?

2021-ல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. பேர்லயே 'வாழ்விடம்' இருக்கு. வாழ்விடம்னா நாலு சுவர் மட்டுமா? வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்ததுதானே! பழுதான பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் புதுசா கட்டுறாங்க. வரவேற்கிறோம். அதே நியாயம் கூவம், அடையாறு கரை மக்களுக்கும் வேணும். ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும்னு சொல்லலை. பக்கத்துலயே அரசு நிலத்துல கட்டிக் குடுங்க என்கிறோம்.

நாம் கேட்பது மூணே மூணு:

1. மறுகுடியமர்வு பழைய இடத்துக்கு அருகிலேயே நடக்கணும்.
2. கல்வியாண்டின் நடுவில் ஒரு குடும்பத்தைக்கூட அப்புறப்படுத்தக் கூடாது.
3. ஏற்கெனவே வெளியே போனவர்களுக்கு கூடுதல் பஸ், 24 மணி நேர மருத்துவமனை, ஓடுற லிஃப்ட் வேணும்.

"ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்பது வாரியத்தின் முழக்கம். விடியறதுக்கு முன்னாடி பெரும்பாக்கம் பஸ் ஸ்டாப்புல போய் நின்னு பாருங்க. சிரிப்பு எங்கேன்னு நீங்களே தேடுங்க.

பகிருங்கள் தோழர்களே!

#வீடு_மட்டும்_போதாது